வண்டி போன பிறகு கூப்பிடும் பெயர்

தோளில் தூக்கி வளர்த்து, பிறகு அந்தத் தோளிலேயே என்னைச் சாய்த்துக்கொண்ட ஏழுமலை மாமாவுக்கு,

உன் கன்னியம்மா எழுதுகிறேன். நீ இருந்த நாளில் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. தினமும் சாயந்திரம் தூக்குச்சட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுகிற மனிதனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை, மாமா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் சங்கம் ஒரு பத்திரிகை நடத்துகிறது. அதில் வரப்போகிறது. எல்லோரும் படிக்கட்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

நீ என் அம்மாவின் தம்பி. எனக்கு முதலில் தாய்மாமன், அப்புறம் புருஷன். சைதாப்பேட்டையில் தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேனாகச் சேர்ந்து கீமேன் ஆனவன். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்பு ஆப்பு எங்கேயாவது கழன்றிருக்கிறதா என்று ஸ்டேஷனிலிருந்து கிண்டிப் பக்கம் வரை நடந்தே பார்த்து, கழன்றதைச் சுத்தியலால் அடித்து உட்காரவைப்பது உன் வேலை. காலையில் நீ அடிக்கிற சத்தம் ஆற்றோரத்தில் இருந்த நம் வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சத்தம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் நான் உலை வைப்பேன்.

சங்கத்துச் செயலாளர்தான் எனக்குப் போன் செய்தார். டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையான மனிதர்.

"அம்மா, நம்ம லைனோட வரலாறு போடறோம். கம்பெனி காலம், மீட்டர் கேஜ், கோட்டம் பிரிச்சது எல்லாம் இருக்கு. கேங்மேன் குடும்பத்துல இருந்து ஒருத்தர் எழுதினா நல்லா இருக்கும்னு பார்க்கறோம்."

"நானு அஞ்சாவதோட நின்னவ சார்."

"அதுக்கென்னம்மா, நீங்க எழுதுங்க. நாங்க திருத்திக்கறோம்."

"திருத்தறதா இருந்தா வேணாம் சார்," என்றேன். "என் வூட்டுக்காரரு கதைய ஏற்கெனவே ஒருத்தன் திருத்திட்டான். அதான் இன்னிக்கி வரைக்கும் நின்னுக்கினு கீது."

அவர் உடனே, "ஒரு எழுத்துகூட மாத்த மாட்டோம்மா," என்றார். அந்த வாக்கை நம்பித்தான் இந்தப் பேனாவை எடுத்தேன்.

வரலாறு எனக்கு என்ன தெரியும்? நீ சோறு தின்றுகொண்டே சொன்னதுதான். உன் நைனா கம்பெனியில் வேலை பார்த்தார். அப்போது ஒவ்வொரு லைனும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். சர்க்கார் வந்து எல்லாக் கம்பெனியையும் ஒன்றாகச் சேர்த்தது. சேர்த்த பிறகு, இவ்வளவு பெரியதை ஒரே இடத்தில் உட்கார்ந்து மேய்க்க முடியாது என்று டிவிஷன் டிவிஷனாகப் பிரித்தது. சேர்த்துவிட்டு ஏன் பிரிக்க வேண்டும் என்று நான் கேட்டேன். கூட்டுக்குடும்பத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறாயே என்று சிரித்தாய்.

எழும்பூரில் கிளம்பும் ராமேஸ்வரம் வண்டி நம் வீட்டு வழியாகத்தான் போகும். அதைக் காட்டித்தான் எனக்கு டிவிஷன் சொல்லிக்கொடுத்தாய்.

"தோ போவுது பாரு. விழுப்புரத்துக்குக் கிட்ட வரைக்கும்தான் அது நம்ம மெட்ராஸ் டிவிஷன். அந்தாண்ட திருச்சி. அதுக்கு அந்தாண்ட மதுர. தண்டவாளம் ஒண்ணுதான். ஆனா இங்க ஆப்பு கழண்டா எங்க மேஸ்திரி திட்டு வாங்குவாரு, அங்க கழண்டா அவங்க மேஸ்திரி."

"ரெண்டுக்கும் நடுவுல கழண்டா?"

"அடிப்பாவி! ஆபீசருங்க கேக்கற கேள்விய நீ கேக்கற."

ரயில்வேக்காரர்களுக்குத் தரும் இலவசப் பாஸ் எடுத்து, அந்த மூன்று டிவிஷனும் தாண்டி, கடல் மேலே போகிற பாலத்தில் என்னை ராமேஸ்வரம் கூட்டிப்போகிறேன் என்றாய். தேவி பிறந்தபோது சொன்னாய். தேவி பள்ளிக்கூடம் போனபோது சொன்னாய். அவள் பெரியவளான பிறகும் சொன்னாய். உன் மேல் எனக்கு இருக்கிற கோபங்களில் இது ஒன்று. மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கேங்கில் இரண்டு வழக்கம் உண்டு. படிக்கிறவர்களுக்கு இது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

ஒன்று, லைன் காட்டுவது. லீவு முடிந்து ஒருவன் வேலைக்குத் திரும்பினால், அவன் கையில் சுத்தியலையோ கடப்பாரையையோ உடனே கொடுக்க மாட்டார்கள். மேஸ்திரி அவனைக் கூட்டிக்கொண்டு தண்டவாளத்தோடு நடப்பார். நீ இல்லாதபோது இது மாறியிருக்கிறது, இங்கே ஜல்லி ஏற்றியிருக்கிறோம், இங்கே நிற்காதே, அங்கே ஒதுங்கு என்று எல்லாம் காட்டுவார். அதன் பிறகுதான் அவன் தண்டவாளத்தில் கைவைக்கலாம்.

இன்னொன்று, பெயர் கூப்பிடுவது. ஒவ்வொரு வண்டி போன பிறகும், புழுதி அடங்குவதற்கு முன்னால், மேஸ்திரி ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன், உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு, "கீறேன்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். மாரி! கீறேன். ஜோசப்பு! கீறேன். ஏழுமலை! கீறேன். ஆற்றங்கரையில் துணி துவைக்கும்போது எனக்கு அது கேட்கும். எத்தனை குரல் நடுவில் வந்தாலும் உன் 'கீறேன்' எனக்குத் தனியாகத் தெரியும். கடைசி எழுத்தை நீ கொஞ்சம் இழுப்பாய்.

அப்போது சின்ன லைனை எடுத்துவிட்டுப் பெரிய லைன் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீட்டர் கேஜ் போய் பிராட் கேஜ். அகலத் தண்டவாளத்தை நீயும்தான் தோள் கொடுத்துத் தூக்கிப் போட்டாய். போட்டு முடித்தீர்கள், ஆனால் அதில் இன்னும் வண்டி ஓடவில்லை. அந்த நேரத்தில்தான் என் ஆயா செத்துப்போனாள். என் ஆயா என்றால் உன் அம்மா. நீ லீவு போட்டுக் காரியம் முடித்து, மொட்டை போட்டு, விரதத்தோடு இருந்தாய். அந்த நாட்களில்தான் பெரிய வண்டி ஓட ஆரம்பித்தது.

பாலத்தை ஒட்டி ஒரு சுவர் இருந்தது. தண்டவாள மேடு குறுகலான இடம், ஒதுங்க வேறு வழியில்லை. சின்ன லைன் காலத்தில் வண்டி வந்தால் அந்தச் சுவரில் முதுகை ஒட்டி நிற்பாய். வண்டி உன் சட்டையை உரசுவது போலப் போகும், ஆனால் உரசாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் உன் இடம். ஒரு முறை எனக்கும் தேவிக்கும் அங்கே நின்று காட்டினாய். சாமி சிலை மாதிரி அசையாமல் நின்றாய். தேவி பயந்து அழுதாள்.

லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், பாலத்துப் பக்கம் வண்டி வந்தது. நீ உன் இடத்தில் போய் நின்றாய்.

தண்டவாளம் அகலமானதை நீ பார்த்திருந்தாய். அந்தச் சுவரோரத்தில் வண்டியின் வயிறு எவ்வளவு வெளியே தள்ளும் என்பதைத்தான் நீ பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் ஆற்றங்கரையில் இருந்தேன், மாமா. வண்டி போன பிறகு மேஸ்திரி பெயர் கூப்பிடுவது கேட்டது. மாரி கீறேன் என்றான். ஜோசப் கீறேன் என்றான். பிறகு அந்தக் குரல் ஏழுமலை என்று கூப்பிட்டது. மறுபடியும் ஏழுமலை என்று கூப்பிட்டது. மூன்றாவது முறை அந்தக் குரலே வேறு மாதிரி இருந்தது. கையில் இருந்த துணியை ஆறு கொண்டுபோனது. அது தேவியின் பாவாடை.

உன்னை எப்படி எடுத்து வந்தார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது எனக்கும் உனக்கும் மட்டும்.

இனி அவனைப் பற்றி எழுதுகிறேன். கோதண்டம். உங்கள் கேங் மேஸ்திரி. தேவியின் காதுகுத்துக்கு வந்து மீன் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டவன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. விசாரணையில் அவன் சொன்னான்: "சாவு வூட்டுல இருந்து வந்தான் சார். வாயில வாசம் அடிச்சிது. தடுமாறிக்கினுதான் இருந்தான்."

நீ குடிக்கவே மாட்டாய் என்று நான் சொல்ல வரவில்லை. சம்பள நாளில் குடிப்பாய், பொங்கலுக்குக் குடிப்பாய். குடித்த அன்றைக்கு என் கையால் சோறு கிடைக்காது என்பதும் உனக்குத் தெரியும். ஆனால் அன்று காலையில் பழைய சோற்றைப் பிழிந்து உன் தட்டில் வைத்தவள் நான். பெற்ற அம்மாவின் காரியம் முடிந்த ஈரம் காயாத மனிதன் நீ. குடித்தவன் வாசம் பெண்டாட்டிக்குத் தெரியாதா, மேஸ்திரிக்குத்தான் தெரியுமா?

நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவன் சொன்னதை எழுதிக்கொண்டார்கள்.

நீ செத்ததற்கு எனக்கு வேலை கொடுத்தார்கள். மாம்பலம் ஸ்டேஷனில் பெருக்கும் வேலை. தி.நகர் கடைகளுக்கு வருகிற ஜனம் முழுக்க அந்தப் படிக்கட்டில்தான் இறங்கும். தீபாவளிக்கு முன்னால் நான் பெருக்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். பின்னால் திரும்பினால் பெருக்கின இடமே இருக்காது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

ஒரு மத்தியான நேரம். புதிதாகச் சேர்ந்த கேங்மேன் பையன்கள் பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் முந்தின நாள் குடித்ததைப் பற்றிப் பெருமை அடித்தான்.

"டேய், பார்த்துடா மச்சி. ஏழுமலை கதையாயிடப் போவுது."

"யார்ரா அது ஏழுமலை?"

"கிளாஸ்ல சொன்னாங்களேடா, தூங்கிட்டியா? சைதாப்பேட்டையில தண்ணியப் போட்டுட்டு வண்டிக்குக் குறுக்க நின்னானே, அந்தாளு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் துடைப்பத்தோடு அவர்கள் காலடியில் நின்றிருந்தேன். "கால தூக்குப்பா," என்றேன். தூக்கினார்கள். பெருக்கினேன். யாரிடமும் வாய் மூடாத உன் கன்னியம்மாவுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை, மாமா. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் உன்னைப் பாடமாக நடத்துகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ செத்தது ஒரு நாள். அதன் பிறகு நீ செத்துக்கொண்டே இருந்தாய்.

தேவிக்குக் கோடம்பாக்கத்திலிருந்து வந்த சம்பந்தம் நின்றுபோனது. மாப்பிள்ளையின் சித்தப்பன் ரயில்வே. "குடிச்சிட்டு வண்டியில வுழுந்தவன் பொண்ணாமே?" என்றானாம். பிறகு அதே சித்தப்பன் தன் பெண்ணின் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை அனுப்பினான். நான் போகவில்லை. இனியும் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். தேவியை வேறு நல்ல இடத்தில் கொடுத்தோம், அவள் நன்றாக இருக்கிறாள். ஆனாலும் மிதிக்க மாட்டேன்.

கோதண்டம் எப்போதாவது மாம்பலத்தில் இறங்குவான். அவன் வருவது தெரிந்தால், சேர்த்து வைத்த குப்பையை அவன் செருப்பின் மேல் போகும்படிப் பெருக்குவேன். அவன் தலை குனிந்துகொண்டு போவான். தப்புச் செய்யாதவனாக இருந்தால் என்னைத் திட்டியிருக்க மாட்டானா?

ஓய்வு பெற்றபோது எனக்கும் பாஸ் கொடுத்தார்கள். நீ கூட்டிப்போகாத ராமேஸ்வரத்துக்கு நானே போகிறேன் என்று கிளம்பினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். செங்கல்பட்டு போனது, திண்டிவனம் போனது. விழுப்புரம் வருகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் மூட்டையை இறக்கினார்கள். உன் டிவிஷன் முடிகிறது. இதற்கு அந்தப் பக்கம் உன் சுத்தியல் சத்தம் போனதில்லை, உன்னைத் தெரிந்தவர்கள் இல்லை. குடிகாரன் என்ற பெயரோடு உன்னை இந்தப் பக்கம் தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் சாமி கும்பிடப் போவதா? விழுப்புரத்தில் இறங்கி, பிளாட்பாரத்தில் ஒரு டீ குடித்து, அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். தேவி கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றேன்.

இப்போது நான் சைதாப்பேட்டையிலும் இல்லை, மாமா. ஆற்றில் பெரிய வெள்ளம் வந்தது. அதன் பிறகு கரையோர வீடுகளை எல்லாம் இடித்துவிட்டு எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். என் வீடு ஐந்தாவது மாடி. லிப்ட் இருக்கிறது, ஓடாது. மற்றதெல்லாம் பழகிவிட்டது. ரயில் சத்தம் கேட்காததுதான் பழகவில்லை. சத்தம் இல்லாமல் எப்போது உலை வைப்பது?

மயிலாப்பூர்ப் பக்கம் வந்த பறக்கும் ரயிலை நீ எட்டிப் பார்த்துவிட்டு, "தூண் மேல ஆப்பு கழண்டா எவன் ஏறுவான்?" என்று கவலைப்பட்டாயே, அது வேளச்சேரி வரை போய்விட்டது. அதை மெட்ரோவோடு சேர்க்கப் போகிறார்களாம். மறுபடியும் சேர்க்கிறார்கள், பார். சைதாப்பேட்டைக்குக் கீழே பூமிக்குள்ளும் ஒரு ரயில் ஓடுகிறது. உன் சின்ன லைன் இருந்த சுவடே இல்லை. உன் சுவரையும் இடித்துவிட்டார்கள்.

நான் எழுதப்போகிற செய்தி எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கிறது. போன மாதம் ஒரு காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் கோதண்டம். ஐந்து மாடி ஏறி வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். ஆள் பாதியாகியிருந்தான். கழுத்தைச் சுற்றித் துண்டு.

"இன்னா?" என்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"கன்னியம்மா, அடையாறு ஆஸ்பத்திரியில பார்க்கறேன். தொண்டையில புத்து." குரல் காற்று மாதிரி வந்தது. "ஆபரேசன் பண்ணா குரலே போய்டுமாம். அதுக்கு முன்னாடி உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

"நீ வாயத் தொறந்து சொன்ன வரைக்கும் போதாதா?"

"அன்னிக்கி ஏழுமலைக்கு நான் லைன் காட்டல, கன்னியம்மா."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"லேட்டா வந்துட்டேன். டீக்கடையில நின்னுட்டேன். பெரிய வண்டிக்கு அந்த சுவத்தாண்ட நிக்கக் கூடாது, பாலத்துக்கு இந்தாண்டயே ஒதுங்கிக்கணும்னு மேல இருந்து சொல்லியிருந்தாங்கோ. மத்தவனுங்களுக்குலாம் காட்டிட்டேன். அவன் லீவுல இருந்தான். வந்ததும், மதியமா காட்டறேண்டான்னு சுத்தியலக் கையில குடுத்துட்டேன். சரி மேஸ்திரின்னு போய்ட்டான்."

சரி மேஸ்திரி. உன் கடைசி வார்த்தை அதுதானா, மாமா? இத்தனை வருஷம் கழித்து உன் கடைசி வார்த்தை என் வாசலுக்கு வந்து நின்றது, அதுவும் அவன் வாயில்.

"லைன் காட்டினியான்னு கேட்டாங்கோ. இல்லன்னு சொன்னா என் வேல போயிருக்கும். மூணு பொண்ணுங்கோ எனுக்கு."

"எனுக்கு ஒண்ணு," என்றேன். "அதனால குடிகாரன் பொண்ணுன்னு பேரு வாங்கிக் குடுத்தியா?"

அவன் என் வாசலில் உட்கார்ந்து அழுதான். அழட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். விழுங்க முடியாமல் விழுங்கினான். தண்ணீர் கொடுத்தேன், அவ்வளவுதான். அதை மன்னிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"என்னாண்ட சொல்லி இன்னா பிரயோசனம்?" என்றேன். "அவரு குடிக்கலன்னு எனுக்குத் தெரியும். யாராண்ட போய் பொய் சொன்னியோ, அவங்களாண்ட சொல்லு. கேங்குல மிச்சம் இருக்கறவனக் கூப்பிடு. செயலாளரக் கூப்பிடு. சைதாப்பேட்டையில நின்னு சொல்லு. குரல் போறதுக்குள்ள."

உன் திதி ஆபரேஷனுக்கு முன்னாலேயே வந்தது. தேவியும் நானும் பஸ் பிடித்து, கிண்டியில் இறங்கி, ரயில் ஏறி சைதாப்பேட்டை போனோம். பிளாட்பாரத்தின் தென்கோடியில் நின்றால் தூரத்தில் பாலம் தெரியும். மாரி வந்திருந்தார், கையில் தடி. ஜோசப் வந்திருந்தார், பல் ஒன்றும் இல்லை. செயலாளர் சட்டையில் பேனா குத்திக்கொண்டு வந்தார். இப்போது லைனில் வேலை பார்க்கும் பையன்கள் நாலைந்து பேரையும் அவர் கூட்டி வந்திருந்தார்.

கடைசியில் கோதண்டம் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாலத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னான். மறைக்கவில்லை, அழகு பண்ணவும் இல்லை. வாசம் அடித்தது என்று சொன்னது பொய் என்றான். டீக்கடையில் நின்றதைச் சொன்னான்.

ஜோசப் அவன் சட்டையைப் பிடித்தார். "அடப்பாவி மேஸ்திரி! நானும் நம்பிட்டேன்டா. அவன் கல்லறைக்குக்கூட ஒரு மெழுகுவத்தி ஏத்தல நானு."

"அவங்களுக்கு ஏதுடா கல்லற? எரிச்சாங்கோ," என்றார் மாரி.

"எங்கியோ ஒண்ணு ஏத்தியிருப்பேன்ல?"

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, மாமா. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அப்போது தாம்பரம் வண்டி வந்தது. எங்களைத் தாண்டிப் போனது. அகலமான வண்டி. அது பக்கத்தில் போனபோது தேவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். சின்னப் பிள்ளையாக உன் முன்னால் நின்று அழுதாளே, அதே பிடி. வண்டி பாலத்தில் ஏறி மறைந்தது. புழுதி இன்னும் அடங்கவில்லை.

யாரும் சொல்லாமல் கோதண்டம் நிமிர்ந்து நின்றான். கழுத்துத் துண்டை அவிழ்த்தான்.

"மாரி!"

கிழவர் தடியை ஊன்றிக்கொண்டார். "கீறேன்."

"ஜோசப்பு!"

"கீறேன்."

அவனுக்கு மூச்சு போதவில்லை. நின்றான். பிறகு தொண்டையில் மிச்சம் இருந்தது எல்லாவற்றையும் சேர்த்து, பாலத்தைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"ஏழுமலை!"

பதில் வராத அந்த இடத்தில் அவன் நின்று வேகட்டும் என்றுதான் நான் நினைத்தேன். சாமி சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பதில் இல்லாமல் உன் பெயர் அந்த வெயிலில் தனியாக நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு ஆற்றங்கரையில் கேட்டுக்கொண்டு சும்மாதானே நின்றேன். என் வாய் தானாகத் திறந்தது.

"கீறாரு," என்றேன்.

இழுத்துத்தான் சொன்னேன், உன்னை மாதிரி. புதுப் பையன்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. கோதண்டம் பிழைத்துக்கொண்டான், குரல் இல்லை. இனி அவன் யாரையும் கூப்பிட முடியாது. அந்தத் தொண்டை கடைசியாக உரக்கக் கூப்பிட்டது உன் பெயரை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவில்லை. தேவியிடம் பழம் கொடுத்தனுப்பினேன். கோபம் போய்விட்டதா என்று தேவி கேட்டாள். போகவில்லை. எங்கே போகும்? ஆனால் உன் கதையை வகுப்பில் இனி வேறு மாதிரிச் சொல்லப்போகிறார்களாம். லீவிலிருந்து வந்தவனுக்கு லைன் காட்டாமல் சுத்தியலைக் கொடுக்காதே என்பதற்கு உன் பெயரைச் சொல்வார்களாம். செயலாளர் சொன்னார். இந்தப் பத்திரிகை அவர்கள் கைக்கும் போகும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். என்ன சரியானது, மாமா? பெயர் திரும்பி வந்தது. நீ வந்தாயா? மதியம் காட்டுகிறேன் என்றபோது, இல்லை மேஸ்திரி, இப்போதே காட்டு என்று ஏன் கேட்கவில்லை? எதற்கெடுத்தாலும் சரி சரி என்கிற அந்தக் குணத்தின் மேல்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம். அந்தக் குணத்துக்காகத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன். இதை நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

கடல் மேலே பாலத்தைப் புதிதாகக் கட்டிவிட்டார்களாம். தை பிறந்ததும் பாஸ் எடுத்துக் கிளம்புகிறேன். இந்தத் தடவை விழுப்புரத்தில் இறங்க மாட்டேன். உன் டிவிஷன் முடிகிற இடத்தில், யார் சிரித்தாலும் சரி, ஜன்னலில் தலை நீட்டி உன் பெயரைக் கூப்பிடுவேன். திருச்சி டிவிஷனில் கூப்பிடுவேன், மதுரை டிவிஷனில் கூப்பிடுவேன், கடலுக்கு நடுவில் கூப்பிடுவேன். பதில் வரவில்லை என்றால் உனக்காக நானே சொல்வேன். என் தொண்டை இருக்கிறவரை உன் பெயர் பதில் இல்லாமல் நிற்காது. இது உன் அம்மா மேல், என் ஆயா மேல் சத்தியம்.

இன்னும் இங்கேயே கீறேன், மாமா.

உன் அக்கா மகள், உன் தேவியின் அம்மா,
கன்னியம்மா